லைன் வீடுகளின் பின்சுவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘லைன் வீடு’ என்பதை நம் கல்லூரியில் விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து வரும் நண்பர்களுள் பலர் அத்தகைய வீட்டிலிருந்தே காலையில் புறப்பட்டு வருகிறோம். ஒரே கூரையின்கீழ் ஐந்தாறு குடித்தனங்கள், இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், கோடியில் பொதுக்குழாய். இவ்வமைப்பின் உறவினரைத் தேடினால் விக்டோரியா அரசியார் காலத்து (1837–1901) இங்கிலாந்தில் காணலாம்.

அக்காலத்தில் லீட்ஸ் போன்ற ஆலை நகரங்களுக்குக் கிராம மக்கள் திரண்டு வந்தனர். ஆலைக்கு நடந்து செல்லும் தூரத்தில், குறைந்த செலவில் வீடுகள் தேவைப்பட்டன. செங்கல்லுக்கு 1850 வரை அங்கு வரியும் இருந்தது. பக்கச் சுவரை அண்டை வீட்டாரோடு பங்கிட்டால் செங்கல்லும் மிச்சம், நிலமும் மிச்சம். சிலர் இன்னும் ஒரு படி சென்று பின்சுவரையும் பொதுவாக்கினர். முதுகோடு முதுகு ஒட்டிய அவ்வீடுகளுக்கு மூன்று பக்கமும் அடைப்பு. வாயிலும் சன்னலும் முன்புறம் மட்டுமே.

தொழிலாளர் வாழிடங்களின் சீர்கேட்டை எட்வின் சாட்விக் 1842-இல் அறிக்கையாக எழுதினார். 1875-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதையொட்டி 1877-இல் வெளியான மாதிரி விதிகள், புதிய தெரு 36 அடி அகலமும், வீட்டின் பின்னே 150 சதுர அடி வெற்றிடமும் வேண்டுமென்றன. இன்று நாம் படங்களில் காணும் நேரான செங்கல் வீட்டு வரிசைகள் பல, இவ்விதிகளின் பிள்ளைகளே. முதுகொட்டிய வீடுகளை 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எனினும் லீட்ஸ் நகரில் 1937 வரை கட்டிக்கொண்டுதான் இருந்தனர்!

அதே நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்குக் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் சென்ற நம் மக்களுக்குத் தோட்டத்துரைமார் கட்டித்தந்தவை ‘லயங்கள்’. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம். முதுகொட்டிய இரட்டை லயங்களும் உண்டு. இன்றும் அவற்றில் மக்கள் வாழ்கின்றனர்.

சுவரைப் பங்கிடுவது தவறு என்று நான் கூறவரவில்லை. நம் பழைய அக்கிரகாரங்களிலும் சுவர் பொதுச்சுவரே. ஆனால் அங்கே முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை. சூடேறிய காற்று எடை குறைந்து முற்றத்தின் வழியே மேலேறும். அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று வரும். காற்றுக்கு நுழையும் வழி மட்டும் போதாது, வெளியேறும் வழியும் வேண்டும் என்பதை நம் கொத்தனார்கள் பாடநூலின்றியே அறிந்திருந்தனர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தபின் சுற்றுப்புறமெங்கும் லைன்கள் முளைத்தன. எங்கள் வீடு அத்தகைய லைனில் நான்காவது. நாடாவால் அளந்தேன்: பத்தடிக்குப் பதினோரடி. தந்தையார் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குவதும், தங்கை படிப்பதும், அம்மா சமைப்பதும் இதற்குள்தான். பின்சுவருக்கு அப்பால் வேறொருவரின் லைன். அவர்கள் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது எங்களுக்குத் தெரியும். கொல்லையும் இல்லை, முற்றமும் இல்லை. 1877-இல் கேட்ட 150 சதுர அடிக்கு எங்கே போவது?

வழி கூரையில்தான் இருக்கிறது. லீட்ஸ் வீடுகள் பலவற்றில் மேல்மாடத்துக்குக் கூரைச்சன்னல் வைத்திருந்தனர். எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி மாலையில் எங்கள்மேல் வீசுகிறது. அதை அறுக்கலாகாது, அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முழுத் தகடு ஒன்றைப் பக்குவமாகக் கழற்றி, ஒளி புகும் தகட்டை மாட்டி, அதன் மேல்விளிம்பில் மழை புகாதபடி மூடியிட்ட ஓர் இடைவெளி விட்டால் வெளிச்சமும் வரும், வெப்பக்காற்றும் வெளியேறும். படம் வரைந்து தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்காரரிடம் காட்டினார். “ஐப்பசி மழை கழியட்டும், பார்ப்போம்” என்றிருக்கிறார்.