பேக்கிங் பவுடரும் அதன் பாதுகாப்பும்

அப்பத்துக்கு மாக் கரைப்போர் அதிற் கள் விட்டு ஓரிரவு புளிக்க வைப்பர். கள்ளிலுள்ள மதுவம் காபனீரொட்சைட்டு என்னும் வாயுவைப் பிறப்பிக்கின்றது; அவ்வாயுவே மாவைப் பொங்கச் செய்கின்றது. கேக் முதலிய பண்டங்களில் இதே வேலையைச் சில நிமிடங்களிற் செய்வது பேக்கிங் பவுடராகும். மதுவம் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு, இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்பவர் 1843 ஆம் ஆண்டில் இத்தகைய தூள் ஒன்றை ஆக்கினார்.

இத்தூளில் அப்பச்சோடா, உலர்ந்த அமிலப்பொடி, மாப்பொருள் ஆகிய மூன்றும் கலந்துள்ளன. ஈரம் பட்டதும் சோடாவும் அமிலமும் தாக்கமுற்று வாயுவை வெளிவிடும். காற்றிலுள்ள சிறிதளவு ஈரத்தை மாப்பொருள் உறிஞ்சிக் கொள்ளும். எனினும், அடுப்பங்கரை ஆவியில் மூடாது வைத்த பேணியில் தூள் மெல்ல மெல்லத் தன் வலிமையை இழந்துவிடும். பார்வைக்கு வேற்றுமை தோன்றாது. பொங்காத கேக்கைக் கண்ட பின்னரே பழுது தெரியவரும். அப்பொழுது முட்டையும் வெண்ணெயும் சீனியும் வீணாகியிருக்கும்.

இதனைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. மா அளக்குமுன், அரைத் தேக்கரண்டி தூளைக் கால் கோப்பை வெந்நீரில் இடுக. உடனே நுரைத்துப் பொங்கினால் தூள் நன்று. இன்றேல் அதனை விலக்குக.

2. ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு மட்டமாக அளந்த ஒரு தேக்கரண்டி தூள் போதும். மிகுதியாக இட்டால் கேக் விரைந்து பொங்கி நடுவிற் குழிந்துவிடும், கசப்பும் தட்டும்.

3. தூளை மாவுடன் சேர்த்து இருமுறை அரித்துக் கொள்க.

4. போறணையை முன்னரே சூடாக்கி வைத்து, கலவை ஆயத்தமானதும் தாமதியாது உள்ளே வைக்குக.

5. பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு அப்பச்சோடாவை இடற்க. சோடாவுக்குத் தயிர் போன்ற புளிப்புப் பொருளின் துணை வேண்டும்.

6. ஈரமற்ற கரண்டியால் எடுத்து, பேணியை இறுக மூடி, அடுப்புக்கு அப்பால் வைக்குக.

அரிசி மாவில் வாயுவைத் தாங்கி நிற்கும் பசையம் இல்லை. ஆதலின், வீட்டு அரிசி மாவைப் பயன்படுத்த விரும்புவோர் முதலிற் கோதுமை மாவின் காற்பங்குக்கு மட்டும் பதிலாக அதனைச் சேர்த்துப் பார்ப்பது நன்று. தூளைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது.

விதைநெல்லின் முளைதிறனைச் சோதித்த பின்னரே கமக்காரர் அதனை வயலில் இடுகின்றனர். அடுக்களையிலுள்ள இச்சிறு பேணிக்கும் அச்சோதனை வேண்டும்.