சொந்தத்தில் கல்யாணம்: மரபணு ஆலோசகர் என்ன சொல்வார்?



குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மாமன் மகனுக்குக் குடுத்தா புள்ள குறையோட பொறக்குமாமே, நெசமாக்கா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இதை விளக்குவதற்கென்றே மரபணு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் என்ன நடக்கும், அவர்கள் வேலையில் என்ன சிக்கல் என்று இந்த மாதம் பார்ப்போம்.

யாருக்குப் பிறந்தாலும் நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். மாமன் மகன், அத்தை மகனைக் கட்டியவர்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமனையே கட்டினால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும் சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன.

ஏன் கூடுகிறது? மரபணுக்கள் நம் உடம்பில் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. வீட்டில் இரண்டு குடம், அதில் ஒன்று ஓட்டை என்று வையுங்கள். மற்ற குடத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், வெளியில் தெரியவே தெரியாது. இப்படி ஒன்று மட்டும் பழுதாக இருப்பவரைக் கேரியர் என்பார்கள். அவர் நோயாளி அல்ல. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதுக்குக் கேரியராக இருந்து, இரண்டு ஓட்டைக் குடமும் குழந்தைக்கே போய்ச் சேர்ந்தால்தான் நோய். ஒரே பாட்டியின் பேரனும் பேத்தியும் கட்டும்போது, பாட்டியின் ஓட்டைக் குடம் இரண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். தலசீமியா இப்படி வரும் நோய்தான். கடுமையாக இருந்தால் குழந்தைக்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்.

இருவரும் கேரியர் என்றால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைப் புரியவைப்பதுதான் ஆலோசகருக்குப் பெரும்பாடு. "மொதப் புள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு புள்ளைக்கு வராது" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஏலச்சீட்டுக் குலுக்கலில் ஒருமுறை பெயர் விழுந்தவருக்கு மறுபடி விழாது. இது அப்படி இல்லை. எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்குவது மாதிரி. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதுக் குலுக்கல்.

ஆலோசகர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் போடுவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. இதற்குத்தான் உண்மை வேண்டும். கலைந்த கர்ப்பம், பிறந்து சில நாளில் இறந்த குழந்தை, இதையெல்லாம் மாமியார் முன்னால் சொல்லத் தயங்குவோம். "எங்க வம்சத்துல யாருக்கும் எதுவும் இல்ல" என்று அவரே பதில் சொல்லி முடித்துவிடுவதும் உண்டு. தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். கேளுங்கள்.

கடைசியில் எல்லோரும் கேட்பது, "புள்ள பெத்துக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க மேடம்." இதற்கு மட்டும் அவர் நேராகப் பதில் சொல்லமாட்டார். கர்ப்பத்தின் 11-ஆவது வாரம் முதல் என்ன சோதனை உண்டு, அதில் என்ன தெரியும், சட்டப்படி என்ன வழிகள் உண்டு என்று சொல்லிவிட்டு, முடிவை உங்களிடம் விடுவார். கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1907 முதலே பல மாநிலங்கள் சட்டம் போட்டு, "இவர்கள் பிள்ளை பெறத் தகுதியில்லை" என்று பலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தன. 1947-இல் ஷெல்டன் ரீட் என்ற அறிஞர் மரபணு ஆலோசனை என்று பெயர் வைத்தபோது, முடிவு குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும் என்றார். எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. குடும்பம் முடிவு செய்யட்டும் என்றால், நம் வீடுகளில் அது யாருடைய முடிவாக இருக்கும்?

எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவரின் குழந்தைக்குத் தலசீமியா. "இவ வயித்துக் கோளாறு" என்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனையில் கணவர், மனைவி இருவருமே கேரியர் என்று வந்தது. ஆலோசகர் படத்தைக் காட்டி, பாதி அவர், பாதி இவர் என்று விளக்கிய பிறகுதான் கணவர் வந்து கூட்டிப்போனார். அதோடு முடியவில்லை. கணவரின் தம்பிக்கு இவர் தங்கையைக் கேட்டிருந்தார்கள். தங்கையும் கேரியராக இருக்கலாம். சொன்னால் கல்யாணம் நின்று ஊர் பேசும், சொல்லாவிட்டால் இன்னொரு குழந்தை. ஆலோசகர் தானாகப் போய்த் தங்கையிடம் சொல்லக் கூடாது, முடிவு சோதனை செய்தவருக்கே சொந்தம். "நீங்க சொல்லுங்க, கூட நான் இருக்கேன்" என்றார். இரண்டு மாதம் கழித்து அக்காவே சொன்னார். தம்பி கேரியர், தங்கை கேரியர் இல்லை. ஒருவர் மட்டும் கேரியர் என்றால் குழந்தைக்கு அந்த நோய் வராது. கல்யாணம் நடந்தது.

சாதாரண ஹீமோகுளோபின் சோதனையில் கேரியர் நிலை தெரியாது, தனி இரத்தச் சோதனை வேண்டும். கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்வது நல்லது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு, பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன், இரத்தச் சோதனைத் தாள்கள், இறந்த குழந்தையின் மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்க வேண்டாம். 1994-ஆம் வருடச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம்.