விளக்கீட்டுக்குச் சிட்டி செய்வோம்

எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சென்ற ஆண்டு கார்த்திகை விளக்கீட்டுக்குத் தாங்களே களிமண்ணில் சிட்டி செய்தது பெற்றோர் பலருக்கும் தெரியும். அவற்றில் ஒன்பது சூளையில் வெடித்துப் போனதும் தெரிந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளையொன்று தன் சிட்டியின் துண்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது. "ஊரிலிருந்து வாங்கிவந்தால் போதாதா?" என்று கேட்டவர்களுக்கு அன்று எம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

பிழை எம்முடையது. சனிக்கிழமை செய்தவற்றை, மேலே காய்ந்துவிட்டன என்று நம்பிப் புதன்கிழமையே சூளைக்குக் கொடுத்துவிட்டோம். களிமண் வெளியே வெளிறிக் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைக்கிறது. காற்றுக் குமிழிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஈரமில்லாத குமிழி அவ்வளவு கேடு செய்வதில்லை. ஆனாலும் நன்றாகப் பிசையத்தான் வேண்டும், குமிழி உள்ள இடம் பலவீனமானது.

இம்முறை இரண்டு கிழமை காயவிடுவோம். முதல் சில நாட்கள் பொலித்தீன் தாளால் தளர்வாக மூடிவைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து வெடிக்காது. காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் உண்டு. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்தது.

செய்முறை எளிது. தேசிக்காய் அளவு மண்ணை உருட்டி, நடுவில் பெருவிரலால் அமுக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி விரிக்க வேண்டும். சுவர் சின்னவிரல் தடிப்பைத் தாண்டக் கூடாது. திரி வைக்கும் மூக்கை அதே மண்ணிலிருந்து இழுத்துவிடுங்கள். தனியாகச் செய்து ஒட்டுவதானால் இரு பக்கமும் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவ வேண்டும்; வெறும் தண்ணீரில் ஒட்டியது காயும்போதே கழன்றுவிடும். சுட்டு முடியும்போது சிட்டி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், "என்னுடையது இதல்ல" என்ற சண்டை வராது!

சுமார் 1000 பாகையில் சுட்ட சிவப்பு மண்ணிலும் நுண்துளைகள் இருக்கும். அதனால்தான் ஊரில் புதுச் சிட்டியை முதலில் தண்ணீரில் ஊறவிடுவார்கள். ஊறாத சிட்டி எண்ணெயைக் குடிக்கும். கீழே ஒரு தட்டும் வையுங்கள், இங்கே வாடகை வீட்டுக் கம்பளத்தில் எண்ணெய்க் கறை பட்டால் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆவணிச் சதுர்த்திக்குச் செய்யும் பிள்ளையாரை மட்டும் சுடுவதில்லை. சுடாத மண் தண்ணீரில் கரைந்து மீண்டும் களிமண்ணாகும். சுமார் 600 பாகை கண்ட மண் பிறகு ஒருபோதும் கரையாது. இதைச் சொன்னபோது ஒரு சிறுவன், "அப்ப என்ர சிட்டி எப்பவும் இருக்குமோ?" என்று கேட்டான். உடையாமல் வைத்திருந்தால் இருக்கும் என்றோம்.

வகுப்பு முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்போம், கூட்டமாட்டோம். காய்ந்த களிமண் தூசி நுரையீரலுக்குக் கூடாது. கை கழுவிய தண்ணீரைக் குழாய்த் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு நகத்தை வெட்டி, பழைய சட்டை ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுங்கள். வாளிகளை நாங்கள் கொண்டுவருகிறோம்.