இடுப்பளவிலிருந்து தொடங்குங்கள்

திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இப்போது நாற்று நடவும் இயந்திரம், கதிர் அறுக்கவும் இயந்திரம். வரப்பில் நடந்து போனவர் வண்டியில் போகிறார். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. உழைப்பில் செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்பும் தன் பங்குக்குக் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை ஏற்றுகின்றன. அது ஏறினால் நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்கும்; கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாகப் புகும். மாரடைப்புக்கு அடைப்பு உருவாவது இப்படித்தான்.

இதைத் தடுக்க முதல் வேலை, ஒரு இஞ்ச் டேப் எடுப்பது. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர பேன்ட்டும் அரைஞாண் கயிறும் அதற்குக் கீழே இறங்கிவிடும். அளவு மாறாததுபோலவே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை விட்டதும் அளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்கள் தங்களை ஒல்லி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, 'லிப்பிட் ப்ரொஃபைல்' எடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே, எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேலே, எல்.டி.எல். 100-க்குக் கீழே இருப்பது நல்லது. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையமே வீங்கும் ஆபத்து உண்டு. தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. எனக்கு இருக்காது என்று யாரும் இருந்துவிட முடியாது.

இனி தட்டுக்கு வருவோம். டெல்டாக்காரரிடம் சோற்றை விடச் சொன்னால் நடக்காது, விடவும் வேண்டாம். பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தட்டின் பாதிக்குக் காய்: வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, அவரை, எது கிடைத்தாலும். கால்பங்குக்குக் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது குழம்பு மீன். மிச்சம் கால்பங்குதான் சோறு. மறுசோறு வேண்டாம், பசித்தால் மறுபடி காய் போட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவாக இருந்தாலும் இதே அளவுதான். பாரம்பரிய அரிசி என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயனில்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவும் சோறு என்ற வழக்கத்தில் ஒரு வேளையையாவது அடை, பயறு என்று மாற்றுங்கள். காபிக்குச் சர்க்கரையை நிறுத்துங்கள். திருவையாற்று அசோகா அல்வா கல்யாண வீட்டோடு இருக்கட்டும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். மதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடங்கள். குடமுருட்டிக் கரை இருக்கிறதே! 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே ட்ரைகிளிசரைடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்க வாய்ப்பிருக்கிறது. மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பாருங்கள். கொழுப்பைக் குறைக்க டாக்டர் ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்திருந்தால், எண் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் நடுவே நெஞ்சு அழுத்தினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, வாயு என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.