மேலே இருந்து வரும் தண்ணீர், கீழே இருந்து தூக்கும் தண்ணீர்

32 வருசம் வங்கியில் பற்று வரவு பார்த்துவிட்டு மண்ணுக்கு வந்தவன் நான். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒருநாள் தோட்டத்துக்கு வருவார்கள். போன தடவை பாடம் 'இயந்திர ஆற்றல்'. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டலாம்.

முதலில் ஈர மண்ணில் ஒரு கல்லைப் போட்டோம். முழங்கால் உயரத்தில் இருந்து போட்டால் சின்னக் குழி. அதே கல்லைத் தலை உயரத்தில் இருந்து போட்டால் பெரிய குழி. உயரத்தில் இருப்பதாலேயே ஒரு பொருளுக்குக் கிடைக்கும் ஆற்றல், நிலை ஆற்றல். விழ விழ அது குறையும், வேகம் கூடும். வேகத்தால் வருவது இயக்க ஆற்றல். இரண்டும் சேர்ந்ததுதான் இயந்திர ஆற்றல்.

"தரையில விழுந்ததும் அது எங்க போச்சு?" என்றான் ஒரு பையன். மண்ணைக் குழித்தது, கொஞ்சம் சத்தமாச்சு, கொஞ்சம் சூடாச்சு. ஆற்றல் அழியாது, ஒரு கணக்கில் பற்று வைத்தால் இன்னொரு கணக்கில் வரவு.

அடுத்து பழைய கவலைக் கிணற்றுக்குப் போனோம். மாடுகள் சரிவான தடத்தில் இறங்கினால் தண்ணீர்ச் சால் மேலே ஏறும். மாட்டின் இழுவையோடு, இறங்கும் உடம்பின் எடையும் வேலை செய்யும். மாடு இழந்த உயரம் தண்ணீருக்கு ஏற்றமாகிறது. பாட்டன் காலத்து ஆட்கள் பெயர் தெரியாமலே நிலை ஆற்றலைப் பயன்படுத்தினார்கள்.

பிறகு கரும்பலகையில் கணக்கு. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அதை 1 மீட்டர் தூக்க ஏறக்குறைய 10 ஜூல் வேண்டும். 1000 லிட்டரை 30 அடி, அதாவது 9 மீட்டர் தூக்கினால் 90,000 ஜூல். தண்ணீர் 600 அடியில் கிடந்தால் 180 மீட்டர்; 18 லட்சம் ஜூல். 20 மடங்கு! மின்சாரம் 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக அரை யூனிட். மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். நமக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் ஆற்றல் எங்கிருந்தோ வந்துதானே ஆகணும்?

கடைசிச் சோதனை மழை. பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். துளி சின்னதுதான், அடி பலமானது. இரண்டு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, லேசாகச் சாய்த்து வைத்தோம். ஒன்றில் வைக்கோல் பரப்பினோம். பூவாளியைத் தலைக்கு மேல் பிடித்து ஊற்றினோம். வெறும் மண்ணில் கட்டிகள் உடைந்து, துளைகள் அடைபட்டு, செந்தண்ணியாக வழிந்தது. வைக்கோல் தட்டில் கொஞ்சம்தான் வழிந்தது, அதுவும் தெளிவாக. அடியை வைக்கோல் வாங்கிக்கொண்டது.

ஒரு சிறுமி தட்டையும் பார்த்தாள், எனக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பையும் பார்த்தாள்.

"தாத்தா, உங்க தோப்பும் இந்தத் தட்டு மாதிரிதான கிடக்கு?"

வெறும் மண் தட்டைத்தான் காட்டினாள். நான் வாயடைத்துப் போனேன். சுத்தமாக இருக்கட்டும் என்று தோப்பை உழுது, மட்டைகளைப் பொறுக்கி வெளியே போட்டிருந்தேன். அந்த வாரம்தான் ஆழ்துளைக் கிணறு போட முன்பணம் கொடுப்பதாக இருந்தேன். மேலே இருந்து சும்மா வரும் தண்ணீரை வழியவிட்டு, கீழே இருந்து 20 மடங்கு செலவில் தூக்கப் பார்த்திருக்கிறேன். கடன் கேட்டு வந்தவர் இப்படி ஒரு கணக்கைக் காட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

முன்பணம் கொடுக்கவில்லை. மட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து மூடாக்குப் போட்டேன். சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுத்தேன். கிணறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் தோப்பை விட்டுச் செந்தண்ணி வெளியே போகவில்லை. போர் வேண்டுமா என்பதை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு தட்டு, ஒரு பூவாளி, ஒரு கைப்பிடி வைக்கோல். செலவு ஒன்றுமில்லை. பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள்.