ரோஜாவும் கிணற்று நீரும்

மலர்களுள் ரோஜாவை விரும்பாதார் இலர். மாலையில் தொடுத்து அணிவோரும், பன்னீராக்கித் தெளிப்போரும் பலர். ஆயின், அதனைத் தம் கையால் வளர்த்து அதன் இயல்பை அறிந்தோர் சிலரே. மண், வெயில், நீர் ஆகிய மூன்றும் நன்கு அமைந்தாலன்றி ரோஜா மலராது. இம்மூன்றனுள்ளும் நீரே தலையாயது. அவ்வுண்மையைப் பாலாற்றங்கரை ஊர்கள் நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

ஆம்பூருக்கு அருகே ஒரு பெரிய வீட்டுத் தோட்டம் இருப்பதாகக் கொள்வோம். நடுவே கிணறு, மேற்கே மாமரங்கள், கிழக்கே திறந்த வெளியில் ரோஜாப் பாத்திகள். பங்குனி மாதம் பிறந்துவிட்டது. வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது. தோட்டக்காரர் இப்பொழுது செய்ய வேண்டுவன யாவை?

ரோஜாவுக்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். ஆயினும், கோடையில் 40 பாகை செல்சியசையும் கடக்கும் இப்பகுதியில், பிற்பகல் வெயில் இதழ்களைக் கருக்கிவிடும். ஆதலின், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் பெறும் இடமே சிறந்தது. நீரை விடியற்காலையில் வேரடியில் பாய்ச்ச வேண்டும். பின்னர் உலர்ந்த சருகையோ வைக்கோலையோ பாத்தியில் பரப்பினால் ஈரம் நெடுநேரம் தங்கும். வாடிய மலரை, ஐந்து சிற்றிலைகளையுடைய ஓர் இலைக்குச் சற்று மேலாகக் கத்தரித்தல் வேண்டும். அவ்விலையின் கணுவிலிருந்து புதிய தளிர் எழும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்துகளை உடனே களைய வேண்டும். இன்றேல் அவை செடியின் உணவைக் கவரும். கிளைகளை ஆழமாக வெட்டும் கவாத்து, மழைக்காலத்தை ஒட்டிச் செய்வதற்கு உரியது, கோடைக்கு ஆகாது. வெப்பமும் வறட்சியும் மிகும்போது இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி பெருகும். நல்ல நீரை அங்கே விசையுடன் பீய்ச்சினால் அது பெரிதும் குறையும்.

இவையனைத்தும் செய்த பின்னும் சில தோட்டங்களில் இலைகளின் ஓரம் கருகுகிறது. வெயிலால் தளர்ந்த இலை மாலையில் நிமிர்ந்துவிடும். கருகிய ஓரமோ மீண்டும் பசுமை அடைவதில்லை. பாத்தியின் மேல் வெண்மையான படலமும் காணப்படும். அது உப்பு! ரோஜா உப்பைப் பொறாத செடி. ஆகவே, கிணற்று நீரின் குற்றத்தை அது விரைவில் காட்டிவிடுகிறது.

கிணற்றில் உப்பு எங்ஙனம் புகுந்தது? பச்சைத் தோல் அழுகாதிருக்க, 100 கிலோ தோலுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு இடுவது வழக்கம். தோல் பதனிடும் தொழிலில் முதல் வேலை, அத்தோலை நீரில் ஊறவைப்பது. அந்நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. பல்லாண்டுகளாக அக்கழிவுநீர் நிலத்திலும் பாலாற்று மணலிலும் ஊறி, நிலத்தடி நீரைக் கெடுத்தது. தோல் தொழில் நடைபெறும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிரிடத் தகாததாயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டதை, உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று அத்தீர்ப்பு வழங்கப்பெற்றது. சூழலை மாசுபடுத்தியவரே அதனைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியை அது வலியுறுத்தியது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் பல ஊர்களில் அமைந்துள்ளன. ஆயினும், நீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது அரிய பணி. நிலத்துள் முன்பே இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதன்று.

தோட்டக்காரர் சோர்வடைய வேண்டுவதில்லை. முதற்கண் கிணற்று நீரைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இது குறித்து அறிவுரை பெறலாம். அடுத்து, கூரையில் விழும் மழைநீரைத் தேக்க வேண்டும். 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 1,000 லிட்டர் நன்னீர் கிடைக்கும். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். வடிகால் அமைத்து, அந்நன்னீரை ஆழ ஊறுமாறு விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். தொழுவுரம் மண்ணைப் பொலபொலப்பாக்கி இதற்குத் துணைசெய்யும்.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். அது வாழ வேண்டும். அக்குடும்பங்கள் பருகும் நீரும் கெடாதிருக்க வேண்டும். செடி கருகினால் வேறொன்று நடலாம். ஊற்றுக் கெட்டால் வேறோர் ஊற்றுக்கு எங்கே செல்வது? ரோஜாவின் இலையோரம் கருகுவது, நம் குடிநீரைக் காக்குமாறு அது விடுக்கும் எச்சரிக்கையே அன்றோ?