ஒரே கை வரைந்த இரு கார்கள்

மோட்டார் கார் என்றாலே அது அண்ணன்மார் பேசும் பேச்சு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இங்கிலாந்தின் மோரிஸ் மைனர், மினி என்னும் இரு கார்களின் கதை நாமும் அறியத்தக்கதே. இரண்டையும் வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் ஒருவரே. 1906இல் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தவர். 1922இல் போரின் காரணமாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறினார். இலண்டனில் பொறியியல் பயின்றபோது கணக்குத் தேர்வில் மும்முறை தவறினார். (இவ்வரியை நம் கணக்கு டீச்சர் படிக்காதிருப்பார்களாக!)

மோரிஸ் மைனர் 1948இல் இலண்டன் கார் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்புதான் ஒரு வேடிக்கை நடந்தது. மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக இஸிகோனிஸுக்குத் தோன்றியது. உடனே அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் அவர் கண் நிறைந்தது! பம்பர்களோ முன்பே தயாராகிவிட்டன. ஆகவே அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டை ஒட்டுப் போட்டார்கள். சட்டை சிறுத்துப்போனால் அம்மா துணி வைத்துத் தைப்பதில்லையா, அதைப் போலத்தான். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை. வெந்த முட்டை போலிருக்கிறது என்று பழித்தார். ஆனால் பிரிட்டிஷ் கார்களில் பத்து இலட்சத்தை எட்டிய முதல் கார் அதுவே.

1956இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. மிகச் சிறிய கார் தேவைப்பட்டது. மினி 1959இல் பிறந்தது. மைனரின் நீளம் 12 அடிக்கு மேல். மினிக்கு 10 அடிதான். அதற்குள் நால்வர் அமர்வது எப்படி? எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே அமைத்தார்; இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முன் சக்கரங்களே காரை இழுத்ததால் பின்பக்கம் செல்லும் நீண்ட தண்டு தேவையில்லை. சக்கரங்களின் அளவு வெறும் 10 அங்குலம். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சக்கரங்களால் ஓடுபவையே.

குறை இல்லாமலில்லை. தொடக்கத்தில் வந்த மினிகளில் தரைத் தகடுகளின் இணைப்பு சரியாக அமையாததால், மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஏறியது. பயணம் செய்தவர்கள் கால் நனைந்து இறங்கினார்கள். இவ்வளவு பெரிய அறிஞர் மழையை மறந்தாரே!

ஆனாலும் 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களை மினி முந்தியது. 2000 வரை 53 இலட்சத்துக்கும் மேல் விற்றது. மைனரின் எண்ணிக்கை 16 இலட்சம்தான்.

எனினும் பாட்டியையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதென்றால் எதில் ஏறுவீர்கள் என்று கேட்டால், நாம் மைனரில்தான் ஏறுவோம். இலங்கைச் சாலைகளில் அது இன்றும் ஓடுகிறது.